மூடுபனி எடுத்துச் செல்வோர் கவனத்திற்கு

ஜனவரியில் முசஃபாவுக்குப் பனி வரும்.
கிரேனின் கொக்கி தெரியும்,
கிரேன் தெரியாது.
ஐந்தே காலுக்கு வரவேண்டிய பஸ்
ஏழாகியும் வரவில்லை.
கேம்ப் வாசலில் நாற்பது பேர், நாற்பது டிபன் கேரியர்.
சேஃப்டி உதவியாளன் நான். கை சும்மா இருக்கவில்லை.
கம்பெனி பாஷையிலேயே மொபைலில் தட்டினேன்:

"அனைத்துத் தொழிலாளர் கவனத்திற்கு.
மூடுபனியைப் பாட்டிலில் அடைத்து ஊருக்கு எடுத்துச் செல்வது
தடை செய்யப்பட்டுளது.
அடைத்த பனி, திறந்தால், நானூறு மடங்கு விரியும்.
சென்ற மாதம் ஒரு வீட்டில் மூடியைத் திறந்ததில்
கணவனும் மனைவியும் ஒரே அறைக்குள்
ஐந்து நாள் ஒருவரை ஒருவர் காணவில்லை.
மீறுவோர்க்கு அபராதம் இரண்டாயிரம் திர்ஹம்.
அரை லிட்டர் வரை அனுமதி உண்டு."

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது.
கெடுத்ததும் அதுதான்.
பொய்யில் சலுகை இருக்காதாம்.

ரூம் குரூப்பில் எட்டுப் பேர் சிரித்தார்கள்.
ஒன்பதாவது ஆள் சிரிக்காமல் வெளியே அனுப்பிவிட்டார்.

மத்தியானச் சோற்றுக்குள் அது ருவைஸ் வரை போய்
மலையாளத்தில் இரண்டு உயிர்ச்சேதத்தோடு திரும்பி வந்தது.
உருதுவில் அபராதம் ஐயாயிரம்.
ஏதோ ஒரு சேனலின் முத்திரை ஒட்டி, சோக இசை போட்டு,
ஒரு பெண்குரல் வாசித்தது,
நான் விட்ட எழுத்தைத் தானும் விட்டு.

கார்கோ கடை பீர்க்கண்ணு போன் செய்தார்.
"கட்டின பெட்டியெல்லாம் பிரிக்கணுமா?
எதுல பனி, எது வெறும் பாட்டில், எப்படிக் கண்டுபிடிக்க?"
"குலுக்கிப் பாருங்க" என்றேன்.
சாயங்காலம் கடை வாசலில் போர்டு:
இங்கு பாட்டில் குலுக்கிப் பார்க்கப்படும்.

பரமக்குடியிலிருந்து என் மனைவி:
"போன தடவை கொண்டாந்த அத்தர் சீசா
உள்ள புகை மாதிரி இருந்துச்சே,
கொல்லையில பொதைச்சிட்டேன்."
நூற்றைம்பது திர்ஹம் அது.

'வேடிக்கை. நான்தான் எழுதினேன். நம்பாதீர்கள்'
என்று அனுப்பினேன்.
அதை ஒருத்தரும் நம்பவில்லை.
ஃபோர்மேன் செங்கோடன் தோளைத் தட்டினார்:
"இப்படிச் சொல்லச் சொல்லி மேலேர்ந்து நெருக்குறானா?"

ராத்திரி மெஸ்ஸில் வெல்டர் திரவியராஜ்
தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
குபூஸைப் பிய்த்தார், பருப்பில் முக்கினார்,
முக்கியதை அப்படியே கையில் வைத்திருந்தார்.
"அந்த அஞ்சு நாள் சேதி நெசமா?"
"இல்லண்ணே, சும்மா எழுதினது."
"அதுக்கில்ல. ரெண்டு லீவு போயிட்டு வந்தேன்.
ரெண்டு தடவையும் அப்படித்தான் இருந்துச்சு.
பாட்டில் எதுவும் கொண்டு போகலியே."
பருப்பு அவர் முழங்கையில் வழிந்தது.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
முதலில் யார் நிறுத்துவது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நோட்டீஸ் பலகையில்
நாலு மொழியில், சீல் வைத்து, என் வாசகம்.
அரை லிட்டர் மட்டும் கால் லிட்டராக இறங்கியிருந்தது.
படித்தோம் என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டும்;
வாசித்து விளக்குபவர்: சேஃப்டி உதவியாளர்.

வாசித்தேன்.
முன்வரிசை ஹெல்மெட்டுகள் தலையாட்டின.
பின்வரிசை பனிக்குள் இருந்தது.
திரவியராஜ் அங்கேதான் எங்கோ.
அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:
"தண்ணி பாட்டிலா சார், பெப்சி பாட்டிலா?"

எதுவாயிருந்தாலும்
மூடியை இறுக்கித் திருகுங்கள் என்றேன்.